மைக்ரோகிளியா: பசையா, பிசினா?

ஆச்சி பக்கவாதம் வந்து நாங்குநேரி வீட்டில் படுத்திருந்தபோது, அக்காள் மகள் கட்டிலோரம் உட்கார்ந்து பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லில் நின்றுவிட்டாள். “கிளியான்னா என்ன மாமா? ஆச்சி தலைக்குள்ளயும் இது இருக்கும்லா?”

இருக்கும் என்றேன். முதல் கேள்விக்கு அன்று பதில் வரவில்லை.

நியூரான் என்ற சொல் நமக்குச் சிரமம் தருவதில்லை. கிரேக்கத்தில் அதற்குத் தசைநார் என்றும் நாண் என்றும் பொருள். தமிழிலும் உடம்பில் ஓடுவது நரம்பு, யாழில் கட்டியதும் நரம்பு. ஜெர்மன் உடற்கூறியல் அறிஞர் வால்டெயர் 1891-இல் நரம்பின் உயிரணுவுக்கு அந்தப் பெயரை வைத்தார். நாம் நரம்பணு என்றால் பொருள் அப்படியே வந்துவிடுகிறது.

நரம்பணுக்களைச் சூழ்ந்திருக்கும் துணை உயிரணுக்களின் பெயரான கிளியா அப்படியல்ல. அது கிரேக்கத்தில் பசை. ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்கோ 1856-இல், நரம்பணுக்களுக்கு இடையே கிடந்ததை ஒட்டுப்பொருள் என்று கருதி நியூரோகிளியா என்றார். ஜெர்மனில் ‘நெர்வன்கிட்’ என்றும் எழுதினார். ‘கிட்’ என்பது சன்னல் சட்டத்தில் கண்ணாடியைப் பதிக்க வைக்கும் மக்கு. 1919-இல் மாட்ரிட்டில் ஸ்பானிய ஆய்வாளர் பீயோ தெல் ரியோ ஒர்தேகா, வெள்ளிக் கார்பனேட் கொண்டு சாயமேற்றி, அந்தப் ‘பசை’க்குள் கிளைவிட்ட சிறு அணுக்களைத் தனியே கண்டார். அவற்றுக்குத்தான் மைக்ரோகிளியா என்று பெயர். சொல்லுக்குச் சொல், சிறுபசை. மூளையில் காயம் பட்டால் அவை கிளைகளை உள்ளிழுத்து, உருண்டு, நகர்ந்து போய்ச் சிதைவுகளை விழுங்குவதையும் அவரே எழுதிவைத்தார். எந்த மக்கு நகரும்? பெயர் வைத்த அன்றே பெயரும் பொருளும் பிரிந்துவிட்டன.

அவை ஓய்வில் இருப்பதும் இல்லை. 2005-இல் உயிருள்ள எலியின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அணுவின் உடல் ஓரிடத்தில் நிற்க, கிளைகள் ஓயாமல் நீண்டு சுருங்கிச் சுற்றுப்புறத்தைத் துழாவிக்கொண்டிருந்தன. லேசரால் சிறு புள்ளியைச் சுட்டதும் சில நிமிடங்களில் பக்கத்துக் கிளைகள் எல்லாம் அங்கே திரும்பின. கூப்பிட்டது யார்? புண்பட்ட அணுக்கள். அவற்றிலிருந்து கசியும் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறுதான் அழைப்பு. நலமான நரம்பணு ஃபிராக்டல்கைன் என்ற புரதத்தால் இவற்றை அமைதியாக வைத்திருக்கும். சாகும் நரம்பணு தன் சவ்வின் உட்புறக் கொழுப்பை வெளிப்புறம் காட்டும், அதுவே ‘என்னை எடுத்துக்கொள்’ என்னும் அடையாளம். பக்கவாதத்தில் ரத்தம் நின்ற இடத்தில் நடப்பதும் இந்தப் பேச்சுதான். ஆச்சி பேச்சற்றுக் கிடந்த அந்த நாட்களில் உள்ளே இத்தனை பேச்சு நடந்திருக்கிறது.

இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

முதலில் எனக்குத் தோன்றியது காவலணு. நம் சீமைக்குக் காவல் என்ற சொல் புதிதல்ல. பாளையக்காரர் காலத்துத் திசைக்காவலும் தலக்காவலும் இங்கே ஊர் வழக்கில் ஊறியவை. காவல்காரரே ஊருக்குச் சுமையானதும் அந்த வரலாற்றில் உண்டு. மைக்ரோகிளியாவிலும் அது உண்டு: இவை கிளர்ந்தெழும் அழற்சி நீண்டுபோனால் நல்ல நரம்பிணைப்புகளையும் கெடுக்கும். அவ்வளவு பொருத்தம் இருந்தும் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். வளரும் மூளையில் தேவையற்ற இணைப்புகளைக் கழிப்பதும் இவற்றின் வேலை. அதைக் காவல் என்று சொல்ல முடியாது.

ஊருக்குப் போகிற வழியில் குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்கள்தான் வழி காட்டின. ஆட்டுக்குக் குழை வெட்டிய கொப்பில், அருவாள் பட்ட வாயில், தேன் நிறத்தில் பிசின் திரண்டு நிற்கும். சின்ன வயதில் அதைப் பிய்த்துத் தண்ணீரில் ஊறவைத்து நோட்டு ஒட்டியிருக்கிறோம். பசை நாம் காய்ச்சித் தடவுவது. பிசின் உயிருள்ள மரம் தன் புண்ணுக்குத் தானே விடுவது. ஃபிர்கோ நினைத்த ஒட்டும் குணமும், ஒர்தேகா கண்ட புண்ணாற்றும் குணமும் இந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. ஆகவே கிளியா: பிசினணு. மைக்ரோகிளியா: நுண்பிசினணு. ஆஸ்ட்ரோசைட் என்னும் விண்மீன் வடிவ இன்னொரு கிளியாவை உடுப்பிசினணு எனலாம்.

ஒப்புமை ஓரிடத்தில் உடையும். பிசின் அந்த மரத்தில் ஊறியது. நுண்பிசினணுவோ மூளைத் திசுவில் பிறந்ததல்ல. கருவின் தொடக்கத்தில் மஞ்சட்கருப் பையில் தோன்றி, மூளைக்குள் குடியேறி, அங்கேயே பெருகி வாழ்வது. அதைச் சொல்லித்தான் பாடம் நடத்த வேண்டும்.

இன்னொரு சொல்லையும் இங்கேயே சரிசெய்துகொள்ள வேண்டும். ‘மூளையில் வீக்கம்’ என்று ஆஸ்பத்திரியில் காதில் விழுந்தால் குடும்பமே கலங்கிவிடுகிறது. வீக்கம் என்பது நீர் கோத்துப் பருப்பது. நுண்பிசினணுக்கள் கிளர்ந்தெழுவது அழற்சி. அழல், அதாவது நெருப்பு, என்ற வேரிலிருந்து வந்தது. பக்கவாதத்தில் இரண்டும் சேர்ந்து வரலாம். அல்சைமர் போன்ற மறதிநோயிலோ, வீக்கமே இல்லாமல் அழற்சி ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்.

அக்காள் மகளிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். “பிசின்னா எனக்குத் தெரியும்லா மாமா” என்றாள்.