மெனுல நீங்க க்ளிக் பண்ற அந்தப் பக்கம் எங்கயுமே இல்ல

ஒரு சைட்டுக்குப் போறீங்க, மேல மெனுல "விண்வெளி"ன்னு இருக்கு, அமுக்குறீங்க, விண்வெளி பத்தின கட்டுரையெல்லாம் வரிசையா வந்து நிக்குது. பாக்குறவங்களுக்கு உள்ள எங்கயோ விண்வெளின்னு ஒரு ரூம் இருக்கு, அதுல இதையெல்லாம் அடுக்கி வச்சிருக்காங்கன்னுதான் தோணும். ஆனா அப்பிடி ஒரு ரூமும் கெடையாது, அந்தப் பக்கமும் கெடையாது. நீங்க அமுக்குன பிறகுதான் சிஎம்எஸ் (சைட்டோட கட்டுரை, மெனுவையெல்லாம் நிர்வகிக்கிற மென்பொருள்) உக்காந்து அதைத் தயார் பண்ணிக் குடுக்குது, குடுத்துட்டு அப்பவே மறந்தும் போயிடுது. (பக்கத்தோட நகல எடுத்து வைக்கிற கேஷ் ப்ளகின்னு ஒரு கூடுதல் மென்பொருள் போட்டிருந்தா கொஞ்ச நேரம் ஒரு நகல் கெடக்கும், அது வேற கணக்கு.)

ஆரம்பத்துல நெஜமாவே ரூம் இருந்துச்சு. கையால எச்டிஎம்எல் எழுதி சைட் போட்ட காலத்துல ஃபோல்டர்தான் கேட்டகிரி, ஒரு கட்டுரை ஒரு ஃபோல்டர்லதான் இருக்கும், மெனுங்கிறது ஒவ்வொரு ஃபைல்லயும் தனித்தனியா ஒட்டி வச்ச லிங்க் பட்டியல். புதுசா ஒரு பிரிவு வந்தா, சைட்ல 80 பக்கம் இருந்தா 80 ஃபைலையும் தொறந்து அதே வரிய ஒட்டணும், எப்பிடியும் நாலஞ்சு விட்டுப்போயிடும், அந்த நாலஞ்சு பக்கத்துல மட்டும் பழைய மெனு பல்லக் காட்டிட்டு நிக்கும். நான் பண்ணிருக்கேன், அதான் சொல்றேன்.

சிஎம்எஸ் இந்த முடிச்ச எப்பிடி அவுத்துச்சுன்னா, கட்டுரையையும் கேட்டகிரியையும் பிரிச்சு வச்சிடுச்சு. டேட்டாபேஸ்ல கட்டுரைக்கு ஒரு டேபிள் (அட்டவணை), கேட்டகிரிக்கு ஒரு டேபிள், நடுவுல மூணாவதா ஒரு ஒல்லி டேபிள், அதுல எழுத்தே இருக்காது, நம்பர் ஜோடிங்கதான். 214-ம் கட்டுரை, 7-ம் கேட்டகிரி. 214-ம் கட்டுரை, 12-ம் கேட்டகிரி. அவ்ளோதான். கட்டுரை இருக்குறது ஒரே ஒரு எடத்துல, ஆனா ரெண்டு பக்கத்துல தலைகாட்டும். அதனால கேட்டகிரிய பெட்டின்னு நெனைக்காதீங்க, மேல ஒட்டுற சீட்டுன்னு நெனைங்க, அப்பதான் மத்ததெல்லாம் புரியும். வேர்ட்பிரஸ்ங்கிற சிஎம்எஸ்ல இப்ப இருக்குற டேபிள் அமைப்பு 2007-ல வந்த 2.3 வெர்ஷன்ல வந்துச்சு, டேக்கும் (கட்டுரை மேல ஒட்டுற சின்னக் குறிச்சொல்) அதுலதான் வந்துச்சு. ரெண்டும் ஒரே டேபிள்ல பக்கத்து பக்கத்துலதான் கெடக்கும், இது கேட்டகிரி இது டேக்னு சொல்ற ஒரு கட்டம்தான் வித்தியாசம். அப்புறம், கேட்டகிரிக்கு அப்பா (அதுக்கு மேல இருக்குற கேட்டகிரி) உண்டு, டேக்குக்குக் கெடையாது.

சரி, க்ளிக் பண்ணா என்ன நடக்குது? அட்ரஸோட வால்ல இருக்குற சின்னப் பேரு இருக்கே, ஸ்லக்னு சொல்வாங்க, அதை எடுத்துட்டுப் போயி இது எந்த நம்பர் கேட்டகிரின்னு பாக்கும், 7-ன்னு தெரிஞ்சதும் நடு டேபிள்ல 7 கூட ஜோடி சேந்த கட்டுரை நம்பரையெல்லாம் பொறுக்கும், பப்ளிஷ் ஆகாத டிராஃப்ட்டத் தள்ளும், புதுசு மேல பழசு கீழன்னு அடுக்கும், மொதல் 10 எடுத்து தீம் (சைட்டோட தோற்றத்தப் பாத்துக்கற பகுதி) கைல குடுக்கும், தீம் அதுக்குச் சட்டை மாட்டி உங்களுக்கு அனுப்பும். எழுதுறவர் இன்னிக்கு ஒரு கட்டுரை முடிச்சு விண்வெளில டிக் போட்டா அது தானா அந்த வரிசையோட உச்சியில வந்து உக்காரும், மெனுவ யாரும் தொட வேண்டாம்.

சிக்கல் ஆரம்பிக்கிறது கேட்டகிரிக்குள்ள கேட்டகிரி வரும்போது. ட்ராப்டவுன் மெனு வேணும்னா இப்பிடிக் கிளை விட்டுப் போற ஒரு மரம் வேணும், ஆனா டேபிள்ங்கிறது தட்டையான சமாச்சாரம், மரத்த எப்பிடி அதுல படுக்க வைக்கிறது?

எளிமையான வழி, ஒவ்வொரு கேட்டகிரி பக்கத்துலயும் "என் அப்பா யாரு"ன்னு ஒரு நம்பர் எழுதி வைக்கிறது. தொலைநோக்கிக்கு அப்பா விண்வெளி, விண்வெளிக்கு அப்பா அறிவியல். வேர்ட்பிரஸ் இதைத்தான் பண்ணுது. எடம் மாத்துறது ரொம்ப சுலபம், அந்த ஒரு நம்பர மாத்துனா போதும், பிள்ள குட்டி எல்லாம் பின்னாடியே வந்துடும். ஆனா "அறிவியலுக்குக் கீழ உள்ள மொத்த வம்சத்தையும் குடு"ன்னு கேட்டா டேட்டாபேஸ் முழிக்கும், அதுக்கு அடுத்த தலைமுறை மட்டும்தான் தெரியும், பிள்ளைங்க யாருன்னு கேட்டு, ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் போயி அவங்க பிள்ளைங்க யாருன்னு கேட்டு, இப்பிடியே எறங்கிட்டே இருக்கணும். ஒரே கேள்வில இப்பிடி எறங்கற வசதி எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்கிட்ட கேள்வி கேக்குற மொழி) தரத்துல 1999-லயே வந்துடுச்சு, ஆனா நெறைய சிஎம்எஸ் ஓடுற மைஎஸ்க்யூஎல்ங்கிற டேட்டாபேஸுக்கு அது வந்து சேந்தது 2018-ல, 8.0 வெர்ஷன்ல. நடுவுல இருந்த வருஷம் பூரா ஆளாளுக்கு ஒரு குறுக்கு வழி வச்சிருந்தாங்க.

அதுல எனக்கு ரொம்பப் புடிச்சது நெஸ்டட் செட். ஜூம்லாங்கிற இன்னொரு சிஎம்எஸ் 2011-ல வந்த 1.6-லேருந்து இதைத்தான் வச்சிருக்கு. மரத்தச் சுத்தி ஒரு சுவர் இருக்குறதா நெனைச்சுக்கோங்க, இடது கைய சுவத்துல வச்சபடி ஒரு சுத்து நடக்கணும், ஒரு கேட்டகிரிக்குள்ள நொழையும்போது ஒரு நம்பர், வெளிய வரும்போது ஒரு நம்பர், எண்ணிக்கை நிக்காம ஓடிட்டே இருக்கணும். அறிவியலுக்குள்ள நொழையறப்ப 1. அதுக்குள்ள விண்வெளி, 2. அதுக்குள்ள தொலைநோக்கி, உள்ள 3 வெளிய 4. கோள்கள், உள்ள 5 வெளிய 6. விண்வெளிய விட்டு வெளிய வர்றப்ப 7. உயிரியல் 8, 9. கடைசில அறிவியலை விட்டு வெளிய, 10. இப்ப விண்வெளியோட எல்லை 2-லேருந்து 7 வரைக்கும், உள்ள நொழைஞ்ச நம்பர் இதுக்கு நடுவுல யாருக்கெல்லாம் இருக்கோ அவங்கல்லாம் விண்வெளி வம்சம், எத்தனை தலைமுறை கீழ இருந்தாலும் சரி, ஒரே கேள்வில வேலை முடிஞ்சுது. எத்தனை பேருன்னு எண்ணக்கூட வேண்டாம், 7-ல 2 போனா 5, அதுல 1 கழிச்சா 4, பாதி 2, தொலைநோக்கியும் கோள்களும் சரியா ரெண்டு. சும்மா சொல்லக்கூடாது, அழகான வித்தை.

இதுக்கு வெலை என்னன்னா, புதுசா ஒரு கேட்டகிரிய நடுவுல நொழைச்சா அதுக்கு அப்பறம் வர்ற எல்லா நம்பரையும் ரெண்டு ரெண்டு கூட்டணும், பாதில கரண்ட் போனா மரமே கோணிக்கும் (ஜூம்லால கேட்டகிரி பக்கத்துல ரீபில்ட்னு ஒரு பட்டன் சும்மா வைக்கல). ஆனா கேட்டகிரி சேக்குறது எப்பவோ ஒரு தடவ, மெனுவ வரையறது ஒவ்வொரு பக்கத்துக்கும், அதனால இந்தக் கணக்கு கட்டுபடியாகுது.

இந்த மரத்தால இன்னொரு சின்னக் குழப்பமும் வரும். வேர்ட்பிரஸ்ல அறிவியல்னு அமுக்குனா தொலைநோக்கி கட்டுரையும் சேந்தே வரும், கீழ உள்ளதையும் சேத்துக்கறதுதான் அதோட வழக்கம். ஆனா கேட்டகிரி பட்டியல மரமா காட்டாம தட்டையா போட்டா, பக்கத்துல பிராக்கெட்ல காட்டுற எண்ணிக்கை நேரடியா டிக் போட்டத மட்டும்தான் எண்ணும். அதனால "அறிவியல் (3)"ன்னு போட்டிருக்கும், உள்ள போனா 40 கட்டுரை இருக்கும். பக் இல்ல அது, எண்ணற முறை வேற, அவ்ளோதான்.

இப்ப மெனுவுக்கு வருவோம், நெறைய பேரு தடுக்கி விழறது இங்கதான். மெனுவும் ஒரு மரம், கேட்டகிரியும் ஒரு மரம், ரெண்டும் பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா ரெண்டும் வேற வேற மரம். வேர்ட்பிரஸ்ல 2010-ல 3.0 வந்தப்ப மெனுவ இழுத்து விட்டு அடுக்குற வசதி வந்துச்சு. அதுல நீங்க தொலைநோக்கிய இழுத்து உயிரியலுக்கு அடியில போட்டாலும் கேட்டகிரி மரத்துல ஒரு இலைகூட அசையாது. மெனுல இருக்குற ஒவ்வொரு வரியும் கேட்டகிரியோட நம்பரக் கைகாட்டுற ஒரு அம்புக்குறி மட்டும்தான். நம்பரக் காட்டுறதால ஸ்லக்க மாத்துனாலும் மெனு உடையாது, பேர மாத்துனா மெனுலயும் புதுப்பேரு வரும், ஆனா மெனுல நீங்களா கையால வேற பேரு எழுதி வச்சிருந்தீங்கன்னா அது அப்பிடியே நிக்கும், ரெண்டு வருஷம் கழிச்சு "இது ஏன் மாற மாட்டேங்குது"ன்னு மண்டையப் பிச்சுக்குவீங்க. இதுல வேடிக்கை, உள்ள தொறந்து பாத்தா மெனுவோட ஒவ்வொரு வரியும் கட்டுரை இருக்குற அதே டேபிள்லதான் ஒரு போஸ்ட்டா படுத்திருக்கும், மெனுங்கிறது அதுங்க மேல ஒட்டுன ஒரு கேட்டகிரி மாதிரி. பாம்பு தன் வால தானே முழுங்குற கதை.

ஜூம்லா இதையே தலைகீழா பண்ணும். அங்க ராஜா மெனுதான். "கேட்டகிரி பிளாக்"னு (Category Blog) ஒரு மெனு ஐட்டம் உண்டாக்கி, இது விண்வெளியக் காட்டட்டும்னு சொன்னாதான் அந்தப் பக்கத்துக்கு ஒழுங்கான அட்ரஸே கெடைக்கும், பக்கவாட்டுல என்ன வரணுங்கிறதையும் அந்த மெனு ஐட்டம்தான் முடிவு பண்ணும். ஒரு கேட்டகிரிக்கு மெனுல எடமே குடுக்கலைன்னா அதோட கட்டுரைங்க போயி ஹோம் பேஜோட சட்டையப் போட்டுக்கும், அங்க இருக்குற பேனரெல்லாம் இங்கயும் வந்து நிக்கும். அதனாலதான் பழகினவங்க யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு மெனு வச்சு, எல்லா கேட்டகிரியையும் அதுல கட்டிப் போட்டுடுவாங்க.

மெனுவ கேட்டகிரிலேருந்து தானா வர வைக்கலாமா, கையால அடுக்கலாமா? என் கணக்கு, மேல் வரிசை கையால, அதுக்குக் கீழ எல்லாம் தானா. முழுசும் தானா விட்டா அவசரத்துல யாரோ உண்டாக்குன "இதர"வும் "புதியது 2"வும் மேல வந்து பல்லிளிக்கும், முழுசும் கையால பண்ணா புதுசா வர்ற கேட்டகிரிய மெனுல சேக்க யாருக்கும் ஞாபகம் இருக்காது. நான் மொதல்ல கட்டுன ஒரு சைட்ல 60 கட்டுரைக்கு 40 கேட்டகிரி வச்சிருந்தேன், பாதில ஒரே ஒரு கட்டுரைதான் இருக்கும், மெனு தெறந்தா ஸ்கிரீன் கீழ வரைக்கும் போகும். எனக்கு அது ஒழுங்கா அடுக்குன மாதிரிதான் தெரிஞ்சுது, ஏன்னா அடுக்குனது நானு.

மெனுல 7 ஐட்டத்துக்கு மேல கூடாதுன்னு ஒரு விதி ஊர் பூரா சுத்துது. 1956-ல ஜார்ஜ் மில்லர்னு ஒரு உளவியலாளர், மனசுல ஒரே நேரத்துல வச்சுக்க முடியறது 7 போல, ரெண்டு கூடலாம் ரெண்டு குறையலாம்னு எழுதுனாரு, அதைப் பிடிச்சுட்டு வந்துட்டாங்க. மெனுவ யாரும் மனப்பாடம் பண்றதில்லையே, அது கண்ணு முன்னாடியே இருக்கு! 1998-ல கெவின் லார்சனும் மேரி செர்வின்ஸ்கியும் 512 ஐட்டத்த விதவிதமா அடுக்கி ஆளுங்களத் தேட விட்டுப் பாத்தாங்க. 8, அதுக்குள்ள 8, அதுக்குள்ள 8ன்னு மூணு படி வச்சது ஒண்ணு, 16-க்குள்ள 32, 32-க்குள்ள 16ன்னு ரெண்டு படி வச்சது மத்தது ரெண்டு. மூணு படிதான் தோத்துச்சு. ஒவ்வொரு படிலயும் ஒரு தடவ ஊகிக்கணும், தப்பா ஊகிச்சா திரும்பி வரணும், அந்தத் திரும்பி வர்றதுதான் நேரத்தத் திங்குது. அதனால அகலமா இருக்கறதுக்குப் பயப்படாதீங்க, ஆழமா தோண்டுறதுக்குப் பயப்படுங்க.

அடுத்த தலைவலி, ஒரே விஷயம் ரெண்டு எடத்துக்குப் பொருந்துறது. 1994-ல ஆரம்பிச்ச யாஹூவோட டைரக்டரி (பிரிவு வாரியா அடுக்குன சைட்டுங்க பட்டியல்) இதே சிக்கல்ல மாட்டி, வேற கிளைல இருக்குற பிரிவ இங்கயும் காட்டணும்னா பேருக்குப் பின்னாடி அட் குறி போட்டு லிங்க் குடுத்துச்சு, மரத்துக்கு நடுவுல கயிறு கட்டுன மாதிரி. அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1933-ல, எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகத்துக்காகக் கோலன் வகைப்பாடுன்னு ஒண்ணு குடுத்தாரு, அதுல ஒரு புத்தகத்த ஒரே கிளைல உக்கார வைக்காம பல கோணத்துல தனித்தனியா குறிச்சாரு, பின்னாடி அந்தக் கோணங்கள ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம்னு அஞ்சா வகுத்தாரு. இன்னிக்கு ஆன்லைன்ல சாமான் தேடுறப்ப ஓரத்துல கலர், சைஸ்னு டிக் போடுறீங்களே, அதுவும் இதே யோசனைதான். தலைப்பு 5, கடினம் 4, மொழி 6ன்னு வச்சா மரமா வளத்தா 120 கிளை வேணும், கோணமா பிரிச்சா 15 சீட்டு போதும். கேட்டகிரி மரம் நாலு படி தாண்டுதுன்னா, ரெண்டு கோணத்தப் போட்டு ஒரே மரத்துல கொழப்பிட்டீங்களான்னு ஒரு தடவ பாருங்க.

கடைசியா அட்ரஸ். கேட்டகிரி பேர அட்ரஸ்ல வைக்கலாம், அழகா இருக்கும், ஆனா கட்டுரைய வேற கேட்டகிரிக்கு மாத்துனா அட்ரஸும் மாறும், சிஎம்எஸ் தானா பாத்துக்கலைன்னா பழைய லிங்க் அந்தரத்துல தொங்கும், 301 ரீடைரக்ட் (பழைய அட்ரஸுக்கு வர்றவங்கள புதுசுக்குத் திருப்பி விடுறது) போட்டு வழிகாட்டணும். ரெண்டு கேட்டகிரில டிக் போட்ட கட்டுரைக்கு எந்தப் பேரு அட்ரஸ்ல வரும்? வேர்ட்பிரஸ் எது முக்கியம்னெல்லாம் பாக்காது, எந்த கேட்டகிரியோட நம்பர் சின்னதோ, அதாவது எது மொதல்ல பொறந்துச்சோ, அதை எடுத்துக்கும். பக்கத்து மேல ஹோம், அறிவியல், விண்வெளின்னு வரிசையா காட்டுற பிரெட்கிரம்புக்கும் இதே கதிதான், அதுக்கும் ஏதோ ஒரு அப்பாவத் தேர்ந்தெடுத்தே ஆகணும், அதனால "முதன்மை கேட்டகிரி"ன்னு ஒண்ணக் குறிச்சு வைக்க சில ப்ளகின்ல வசதி இருக்கு. அதே கட்டுரைக்கு நீங்க "கருவிகள்"ங்கிற கேட்டகிரி வழியா வந்திருப்பீங்க, மேல விண்வெளின்னு காட்டும், வந்த வழிய மறந்துடுச்சேன்னு தோணும், ஆனா நீங்க வந்த வழி அதுக்கு எப்பவுமே தெரியாது, கட்டுரை மேல ஒட்டியிருக்குற சீட்டத்தான் அது படிக்குது.