கதவைச் சாத்திவிட்டுச் சோதியுங்கள்

"அண்ணை, பூட்டேக்க சுடுதண்ணி நல்லா வந்ததெல்லோ. பேந்தென்ன சோதனை?"

யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஒரு வீட்டுக் குளியலறை வாசலில் நின்று ஒரு தம்பி என்னிடம் கேட்டது இது. வேலை தெரிந்த பிள்ளை. குழாய்களை அழகாக வளைத்து, கிளிப் அடித்து, சுவரில் ஒரு கீறல் விழாமல் காஸ் ஹீற்றரை முன்னமே பூட்டியிருந்தார். அன்று குழாயைத் திறந்தபோது நெருப்புப் பற்றியது, சுடுதண்ணீர் வந்தது. அவரைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிட்டது.

நான் லண்டனில் பதினாறு வருடம் காஸ் வேலை செய்துவிட்டு ஊரோடு வந்தவன். அங்கே வீட்டுக்கு வீடு குசினிச் சுவரில் ஒரு கொம்பி பொயிலர் தொங்கும். வீட்டைச் சூடாக்கும் ரேடியேற்றர்களுக்கும் அதுதான், குளிக்கச் சுடுதண்ணீர் தருவதும் அதுதான். அதை மாட்டி முடிக்க ஒரு நாள் போகும். மாட்டினவுடன் பாவிக்க விடமாட்டோம். கொமிஷனிங் என்று, பாவனைக்கு விடமுன் சோதித்து எண்களை எழுதிவைக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற பெற்றோர் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது. இங்கே ஹீற்றர் பூட்டுகிறவர்களுக்கும் அது பயன்படும்.

முதலில் கசிவு. ப வடிவக் குழாய் ஒன்றில் தண்ணீர் விட்டு அதைக் காஸ் குழாயோடு இணைப்போம். அமுக்கத்தை 7 முதல் 10 மில்லிபார் வரை ஏற்றி, மீற்றர் வால்வைப் பூட்டிவிட்டு ஒரு நிமிடம் பார்ப்போம். தண்ணீர் மட்டம் மெல்ல ஏறினால் பூட்டிய வால்வே காஸை விடுகிறது என்று அர்த்தம். ஏறவில்லையென்றால் 20 மில்லிபாருக்கு ஏற்றி, ஒரு நிமிடம் அடங்கவிட்டு, அடுத்த இரண்டு நிமிடம் கண் எடுக்காமல் அந்த மட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்போம். 20 மில்லிபார் என்பது ஏறத்தாழ ஒரு சாண் உயரத் தண்ணீர், அவ்வளவுதான். புதிதாக இழுத்த குழாயில், இன்னும் எதுவும் இணைக்காத நிலையில், அந்த மட்டம் அசையவே கூடாது. அந்த இரண்டு நிமிடமும் வீட்டுக்காரர் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாலும் நான் கை நீட்டியதில்லை.

பிறகு ரேடியேற்றர் குழாய்களுக்குள் இருக்கும் ஊத்தையைக் கழுவி எடுத்து, துருப்பிடிக்காமல் இருக்க மருந்து விட்டு, தண்ணீர் அமுக்கத்தை 1 முதல் 1.5 பார் வரை வைப்போம். பொயிலரை முழு வேகத்தில் ஓடவிட்டு காஸ் மீற்றரையும் மணிக்கூட்டையும் பார்த்து, பொயிலரின் தகட்டில் எழுதியிருக்கிற அளவு காஸைத்தான் அது எரிக்கிறதா என்று கணக்குப் பார்ப்போம்.

கடைசியில்தான் புகை. நவீன பொயிலர்கள் அறைக் காற்றைத் தொடுவதில்லை. குழாய்க்குள் குழாயாக இருக்கும் புகைபோக்கியின் வெளிவட்டத்தால் வெளிக்காற்று உள்ளே வரும், உள்வட்டத்தால் புகை வெளியே போகும். உள்ளே வரும் அந்தக் காற்றில் ஒட்சிசன் 20.6 வீதத்துக்குக் குறைந்திருந்தால் புகை எங்கோ கசிந்து திரும்ப உள்ளே வருகிறது என்று பிடித்துவிடலாம். வெளியேறும் புகையில் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு 350 பிபிஎம்முக்கு, அதாவது பத்து இலட்சத்தில் 350 பங்குக்கு, மேல் போகக்கூடாது. காபனீரொட்சைட்டோடு அதன் விகிதம் 0.004 ஐத் தாண்டக்கூடாது. இத்தனை எண்ணும் பொயிலரோடு வரும் புத்தகத்தில் எழுதப்படும். 2009 ஏப்ரலிலிருந்து அங்கே காஸ் வேலை செய்கிறவர் காஸ் சேஃப் பதிவேட்டில் இருக்கவேண்டும். புதுப் பொயிலர் பூட்டினால் 30 நாளுக்குள் அறிவிக்கவும் வேண்டும். உங்கள் மகனோ மகளோ அங்கே புதுப் பொயிலர் போட்டிருந்தால், அந்தப் புத்தகத்தில் எண்கள் எழுதியிருக்கிறதா என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். வெறும் கையெழுத்து மட்டும் இருந்தால் சோதனை நடக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இனிக் கொக்குவிலுக்கு வருகிறேன்.

என்னை அங்கே கூப்பிட்டது தண்ணீர் போதிய சூடாக வரவில்லை என்று. போய் விசாரித்தபோது மருமகள் சொன்னார்: "மாமிக்கு இப்ப குளிச்சிட்டு வந்தாத் தலையிடி, ஓங்காளம். பிரஷர் எண்டு நினைச்சு மருந்து எடுக்கிறம்." அதைக் கேட்டதும் தண்ணீரை மறந்து குளியலறையை அண்ணாந்து பார்த்தேன். ஹீற்றர் உள்ளேயே பூட்டியிருந்தது. அதன் மேல் வாயில் புகைக்குழாய் இல்லை. மூலையில் கிடந்த ஹீற்றர் பெட்டிக்குள் அது பொலித்தீனும் கழற்றாமல் கிடந்தது. நுளம்பு வருகிறதென்று மேலே இருந்த காற்றுக்கல் ஓட்டைகளைக் காட்போட் மட்டை வைத்து ஒட்டியிருந்தார்கள். டெங்குப் பயத்தில் செய்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தம்பியைக் கூப்பிட்டு, யன்னலையும் கதவையும் சாத்தி, ஷவரை முழுதாகத் திறந்துவிட்டு, என் புகைமானியின் றப்பர் குழாயைக் கதவின் கீழ் இடைவெளியால் உள்ளே விட்டோம். நாங்கள் வெளியே. மூன்றாவது நிமிடம் காபனோரொட்சைட்டு 12 பிபிஎம். ஆறாவது நிமிடம் 60. ஒன்பதாவது நிமிடம் 140, அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே இருந்தது. ஓடிப்போய் சிலிண்டர் வால்வைப் பூட்டினேன். தம்பி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் எப்பவும் கதவைத் திறந்து வைச்சுத்தானே பாக்கிறனான்" என்றார்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். பூட்டுகிறவர் உள்ளே நின்று, கதவு திறந்திருக்க, இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பார்க்கிறார். குளிக்கிறவர் கதவையும் யன்னலையும் சாத்திக்கொண்டு இருபது நிமிடம் நிற்கிறார். இரண்டும் ஒரே ஹீற்றர், ஆனால் ஒரே நிலைமை இல்லை. இங்கிலாந்தில் அறைக் காற்றை எடுக்கும் பழைய வகை ஹீற்றர்களைச் சோதிக்கும்போது கதவு, யன்னல் எல்லாவற்றையும் பூட்டி, காற்றுறிஞ்சும் விசிறி இருந்தால் அதையும் முழு வேகத்தில் போட்டுத்தான் புகை அறைக்குள் திரும்புகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த விசிறி புகைபோக்கியில் போகவேண்டிய புகையை அறைக்குள் இழுத்துவிடும். இங்கே பலர் ஹீற்றர் இருக்கிற குளியலறையில் பாதுகாப்புக்கென்றே அந்த விசிறியைப் பூட்டுகிறார்கள்.

கணக்கும் பெரிய கணக்கு இல்லை. நிமிடத்துக்கு 6 லீற்றர் தரும் சிறிய ஹீற்றர் மணிக்கு 1 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக காஸ் எரிக்கும். 1 கிலோ காஸ் எரிய ஏறத்தாழ 13 கன மீற்றர் காற்று வேண்டும். ஐந்தடிக்கு ஆறடிக் குளியலறை, எட்டடி உயரம் என்றால் உள்ளே 7 கன மீற்றர் காற்றுக்கூட இல்லை. பத்து நிமிடக் குளிப்பு அதில் 2 கன மீற்றரை விழுங்கிவிடும். ஒட்சிசன் குறையக் குறையச் சுவாலை ஒழுங்காக எரியாது, காபனோரொட்சைட்டு பிறக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியில் ஒட்சிசன் ஒட்டவேண்டிய ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

2021 கடைசி மாதங்களில் நாடு முழுக்க காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்தபோது எங்கள் சனம் கசிவைப் பற்றி நன்றாகப் படித்துக்கொண்டது. சவர்க்கார நுரை போட்டுப் பார்க்காமல் இப்போது ஒருவரும் சிலிண்டர் மாற்றுவதில்லை. நல்ல பழக்கம், அது தொடரவேண்டும். சிலிண்டர் காஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரம், நிலத்தோடு தேங்கும், காற்றில் 2 வீதம் கலந்தாலே பற்றும். ஆனால் கசிகிற காஸுக்கு மணம் சேர்த்திருக்கிறார்கள், மூக்கு எச்சரிக்கும். எரிந்து முடிந்த புகையைப் பற்றி மூக்கு ஒன்றும் சொல்லாது. அந்தப் பாதிப் பாடத்தை நாங்கள் இன்னும் படிக்கவில்லை.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து கப்பலில் சாமான் போடுகிறவர்கள் அங்கே கழற்றிய ஹீற்றரையும் சேர்த்து அனுப்புகிறார்கள். அது இயற்கை வாயுவுக்குச் செய்தது. காஸ் பீறிவரும் அதன் ஜெற் துவாரம் பெரிது. எங்கள் சிலிண்டர் காஸை அதற்குக் கொடுத்தால் அளவுக்கு மிஞ்சி எரிந்து மஞ்சள் சுவாலையும் கரியும் காபனோரொட்சைட்டும்தான் மிஞ்சும். தயவுசெய்து பூட்டாதீர்கள். கடை அடுப்புக்குப் பாவிக்கும் உயர் அமுக்க ரெகுலேட்டரை ஹீற்றருக்குப் போடுவதும் அப்படித்தான். ஹீற்றரின் தகட்டில் 2800 பாஸ்கால் என்றிருந்தால் அது 28 மில்லிபார். ரெகுலேட்டரும் அதற்கு ஏற்றதாக இருக்கவேண்டும்.

அலாரம் வாங்கலாமா என்று கேட்பார்கள். கட்டாயம் வாங்குங்கள், ஆனால் அதை நம்பிச் சோதனையை விடாதீர்கள். ஐரோப்பியத் தரத்தில் செய்த அலாரம் 50 பிபிஎம்மில் கத்த 60 முதல் 90 நிமிடம் எடுக்கும், 100 இல் 10 முதல் 40 நிமிடம். கொக்குவிலில் அந்த மாமி குளித்து முடிக்கும்வரைகூட அது வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். கொரோனாக் காலத்தில் வாங்கிய விரல் ஒட்சிசன் மீற்றரும் இதில் உதவாது. காபனோரொட்சைட்டு ஒட்டிய குருதியையும் அது நல்ல குருதி என்றே காட்டும். யாராவது மயங்கினால் கதவைத் திறந்து, ஆளை வெளியே எடுத்து, சிலிண்டர் வால்வைப் பூட்டி, அம்புலன்ஸுக்கு 1990 அடியுங்கள். குளியலறையில் காஸ் ஹீற்றர் ஓடியது என்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தண்ணீர் சூடு குறைந்ததற்குக் காரணம் வேறு. எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீர் ஹீற்றரின் செப்புக் குழாய்க்குள் வெள்ளைக் கல்லாகப் படிந்திருந்தது. லண்டன் தண்ணீரும் இதே குணம்தான், அங்கேயும் எத்தனையோ பொயிலர்களை இதற்காகக் கழற்றியிருக்கிறேன். அதைக் கழுவிக் கொடுத்தோம்.

ஹீற்றரை அடுத்த நாளே தம்பியும் நானும் கழற்றி, வீட்டின் பின்சுவரில் தாழ்வாரத்தின் கீழ், யன்னல்களுக்குத் தள்ளிப் பூட்டினோம். சுடுதண்ணீர்க் குழாய் மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே போகிறது. காற்றுக்கல்லின் மட்டையை எடுத்துவிட்டு நுளம்பு வலை அடித்தோம். பிறகு குளியலறைக் கதவைச் சாத்தி, றப்பர் குழாயை மறுபடி கீழால் விட்டு, இருபது நிமிடம் நின்றோம். திரையில் 0. திகதி, ஓடும்போது இருந்த காஸ் அமுக்கம், அந்த 0 எல்லாவற்றையும் தம்பியே ஒரு தாளில் எழுதி, குசினி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினார்.

இரண்டு கிழமை கழித்து மானிப்பாயிலிருந்து அவர் போன் எடுத்தார். ஒரு வீட்டில் ஹீற்றர் பூட்டி முடித்துவிட்டாராம்.

"அண்ணை, உங்கட மீற்றரைப் பின்னேரம் ஒருக்கா எடுக்கலாமோ?"