கணிமைக் கேமரா: சொல்லும் பொருளும்

'கம்ப்யூட்டேஷனல் கேமரா' என்றதும் டிஜிட்டல் கேமராவைத்தான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. டிஜிட்டல் கேமராவில் ஃபிலிம் இருந்த இடத்துக்கு சென்சார் வந்தது, அவ்வளவுதான். லென்ஸ் காட்டிய பிம்பமே படம். இந்தப் புதுவகைக் கேமராவோ வரும் ஒளியை வேண்டுமென்றே மாற்றிப் பதிகிறது. பதிந்தது கண்ணுக்கு அலங்கோலமாக இருந்தாலும் பரவாயில்லை. படத்தை நிரல் கணக்குப் போட்டு மீட்டுவிடும்.

2006-இல் ஆய்வாளர் ரமேஷ் ரஸ்கர் குழுவினர் செய்த ஷட்டரைப் பாருங்கள். சாதாரண ஷட்டர் ஒரே திறப்பாகத் திறந்திருக்கும். ஓடும் காரின் எண் பலகை இழுபட்டு, நுணுக்கங்கள் சில மீட்கவே முடியாதபடி அழிந்துபோகும். இவர்களுடையது அதே நேரத்துக்குள் ஒழுங்கற்ற இடைவெளிகளில் பலமுறை திறந்து மூடியது. படம் அப்போதும் கலங்கல்தான். ஆனால் ஷட்டர் எப்போதெல்லாம் திறந்தது, வண்டி எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்தால் அந்தக் கலங்கலைக் கணக்கில் பிரித்தெடுத்து எண்ணைப் படித்துவிடலாம். எடுத்த படத்தை அப்புறம் மெருகேற்றுவது வேறு, இது வேறு.

சரி, சொல்லுக்கு வருவோம். லத்தீனில் 'கேமரா' என்றால் வளைகூரை உள்ள அறை. கிரேக்க 'கமரா'விலிருந்து வந்தது. இருட்டறைச் சுவரில் சிறுதுளை வழியாக விழும் பிம்பத்துக்கான ஏற்பாட்டை 1604-இல் கெப்ளர் 'கேமரா அப்ஸ்க்யூரா', அதாவது இருட்டறை, என்று எழுதினார். அறை போய்ப் பெட்டி வந்தும் பெயர் மாறவில்லை. (இந்தியில் அறையைக் குறிக்கும் 'கம்ரா'வும் இதே வேர்தான், போர்த்துக்கீசியம் வழியாக.)

'கம்ப்யூட்டேஷனல்' என்பதற்குக் 'கணினி' என்று போட்டால் கருவிதான் தெரியும், செயல் தெரியாது. 'கணிமை' பொருந்துகிறது. கணித்தல் என்றால் எண்ணுவது மட்டுமல்ல, கிடைத்ததை வைத்து மறைந்திருப்பதை ஊகித்தறிவதும்தான். கணியன், அதாவது சோதிடன், செய்த வேலை அது. ஆகவே கணிமைப் படக்கருவி. கணிமைக் கேமரா என்றாலும் குறையில்லை.

கணிமைக் கேமராவோடு சேர்ந்து புரொஜெக்டரும் வேலை செய்வதுண்டு. அதற்குப் 'படவீழ்த்தி' என்று எழுதுவார்கள். இந்தத் துறையில் அது சரிப்படாது, ஏனென்றால் இங்கே வீழ்வது பெரும்பாலும் படமே அல்ல, கோடுகளும் புள்ளிகளும். 2017-இல் வந்த ஐபோன் எக்ஸ் 30,000-க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் வீழ்த்தி, அவை விழும் இடங்களை வைத்து மேடுபள்ளத்தை அளந்தது. 'ஒளிவீழ்த்தி' என்பதே என் தேர்வு.

அந்தச் சொல்லும் சில நேரம் போதாது. ஒளி எந்த வழியில் போனதோ, அதே வழியில் திரும்பினாலும் அதே விகிதத்தில்தான் வந்துசேரும். இந்த விதியை வைத்து 2005-இல் ஆய்வாளர்கள் கேமராவையும் ஒளிவீழ்த்தியையும் கணக்கில் இடம் மாற்றினார்கள். கேமராவுக்கு முதுகும் ஒளிவீழ்த்திக்கு முகமும் காட்டி நின்ற விளையாட்டுச் சீட்டின் முகம், எதிரிலிருந்த புத்தகத்தில் பட்டுத் தெறித்த ஒளியிலிருந்தே கிடைத்துவிட்டது. வீழ்த்த வந்த கருவி அங்கே பார்த்துக்கொண்டிருந்தது.