"அம்மா வரல, அதே மாத்திரை குடுங்க"

இந்த வாக்கியத்தை வாரத்துக்குப் பத்துப் பேரிடமாவது கேட்டுவிடுகிறேன். தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவர் நான். மகனோ மருமகளோ பேரனோ வந்து நிற்பார்கள், கையில் காலியான மாத்திரை அட்டையும் மடித்து மடித்துக் கிழியப் பார்க்கும் பழைய சீட்டும் இருக்கும். "கூட்டிட்டு வர முடியல டாக்டரம்மா, போன தடவை எழுதினதையே ஒரு மாசத்துக்கு எழுதிக் குடுங்க." வெளியே முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள், நானும் எழுதிக் கொடுத்துவிடுவேன். அப்படி எழுதிக் கொடுத்ததில் என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

மாரண்டஅள்ளிப் பக்கம் ஒரு ஊர். எழுபது தாண்டிய அம்மா, இரண்டு வருஷம் முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டது. பிசியோதெரபி எல்லாம் செய்து, கோல் ஊன்றி நடக்கும் அளவுக்குத் தேறி, ஷேர் ஆட்டோவில் மூன்று நான்கு முறை என்னிடமே வந்து போனார். அப்புறம் வாசலில் வழுக்கி விழுந்தார், அதோடு வருவது நின்றது. மகன் தக்காளி மண்டியில் லோடு இறக்குகிறவர். அம்மாவைக் கூட்டி வர வேண்டுமானால் அவருக்கு அன்றைய கூலி போகும், மருமகளுக்கும் காட்டு வேலை போகும், மெயின் ரோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் மண் பாதை என்பதால் பஸ்ஸை நம்ப முடியாது, ஆம்னி வேன்தான் சொல்ல வேண்டும். அதனால் ஐந்து மாதம் அவர் மட்டுமே வந்து மாத்திரை வாங்கிப் போனார். "எப்படி இருக்காங்க?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். "நல்லாத்தான் இருக்காங்க, என்ன, ரொம்பத் தூங்கறாங்க" என்பார்.

அந்தத் தூக்கத்தை நான் அன்றைக்கே துருவிக் கேட்டிருக்க வேண்டும்.

ஆறாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நர்ஸைக் கூட்டிக்கொண்டு நேரில் போனேன். ஓட்டு வீடு, தாழ்வாரத்தில் கயிற்றுக் கட்டில், நடுவில் தொய்ந்து குழி விழுந்திருக்கிறது, அந்தக் குழிக்குள் அம்மா சுருண்டு கிடக்கிறார். மணி பத்தரை. கூப்பிட்டால் "ம்" என்கிறார், கண் திறக்கவில்லை. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 54. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. பிபி 92/58. காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன், அரை டம்ளர் கூழ் என்றார் மருமகள். "முன்ன ரெண்டு உருண்டை களி சாப்பிடுவாங்க, இப்ப தொண்டையில நிக்குதுன்னு வேண்டாங்கறாங்க." இரண்டு உருண்டை களி சாப்பிட்ட உடம்புக்கு நான் எழுதிய சர்க்கரை மாத்திரையையும் பிபி மாத்திரையையும், அரை டம்ளர் கூழில் இருக்கும் உடம்புக்கு வேளை தவறாமல், ஒரு நாள்கூட விடாமல் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை, சீட்டில் இருந்ததைத்தான் செய்தார்கள்.

நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தார். ஆனால் கிளிமெப்பிரைடு மாதிரியான சர்க்கரை மாத்திரை ஒரு நாள் வரைக்கும் உடம்பில் வேலை செய்துகொண்டே இருக்கும், ஏற்றிய சர்க்கரை திரும்பவும் இறங்கும். அதனால் அதோடு விடாமல் 108-ஐக் கூப்பிட்டு தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். வண்டி வருவதற்குள் ஒருக்களித்துப் புரட்டிப் பார்த்தோம். இடுப்புக்குக் கீழே நடு எலும்பின் மேல் ஐந்து ரூபாய் நாணயம் அளவு புண். குதிகாலில் சிவப்பு, விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு, அதுவே படுக்கைப் புண்ணின் முதல் படி. மருமகளுக்குத் தெரிந்தே இருந்தது, பவுடர் போட்டு வந்திருக்கிறார். அத்தைக்கு அந்த இடத்தில் புண் என்று வீட்டுக்காரரிடம் சொல்லக் கூச்சம், அவர் வழியாக எனக்குச் சேதி வர வழியே இல்லை.

இதில் எதையாவது கிளினிக்கில் உட்கார்ந்தபடி நான் தெரிந்துகொண்டிருக்க முடியுமா? அந்த அம்மாவையே தூக்கிக் கொண்டுவந்திருந்தாலும் கட்டிலின் குழியைப் பார்த்திருக்க மாட்டேன், அரை டம்ளர் கூழை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வீட்டுக்குப் போனால்தான் தெரியும் விஷயங்கள் நிறைய. கழிப்பறை வீட்டுக்குப் பின்னால் பத்தடி தள்ளி இருக்கும், நடுவில் ஒரு அடி உயர வாசப்படி, அதைத் தாண்ட பயந்து பெரியவர் மத்தியானத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை, நாம் கிளினிக்கில் மலச்சிக்கலுக்கும் சிறுநீர்க் கடுப்புக்கும் மாற்றி மாற்றி மருந்து எழுதிக்கொண்டிருப்போம். சிறுநீர் டியூப் போட்டவருக்கு அந்தப் பையைக் கட்டிலின் மேலேயே பக்கத்தில் வைத்திருப்பார்கள், கீழே வைத்தால் அசுத்தமாகிவிடும் என்று. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையிலும் படக்கூடாது, இல்லையென்றால் சிறுநீர் திரும்பி ஏறிக் காய்ச்சலில் கொண்டு போய் விடும். மூக்கு வழியாகக் குழாய் போட்டவருக்குப் படுத்த நிலையிலேயே கஞ்சி ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். தலைப்பக்கம் நன்றாக உயர்த்தி வைத்துத்தான் ஊற்ற வேண்டும், ஊற்றி முடித்து அரை மணி நேரமாவது அப்படியே இருக்கவும் வேண்டும். அலமாரியைத் திறந்தால் மூன்று டாக்டர்கள் எழுதிய மாத்திரைகள் இருக்கும், கம்பெனிப் பெயர் வேறு வேறு, உள்ளே மருந்து ஒன்றே. காலையில் இதில் ஒன்று, ராத்திரி அதில் ஒன்று.

நம் மாவட்டங்களுக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, அதைத் தாண்டிய கிணற்றிலும் போரிலும் வருஷக்கணக்காகக் குடித்து வளர்ந்த தலைமுறை இன்று அறுபது எழுபதில் இருக்கிறது. பல்லில் காவிக் கறை இருந்தால் பார்த்ததும் தெரிந்துவிடும், எலும்பில் இறங்கியது அப்படித் தெரிவதில்லை. முதுகு மூங்கில் மாதிரி விறைத்து, கழுத்து திரும்பாமல், முட்டி மடங்காமல் போன ஒருவரை டவுன் பஸ் படியில் ஏற்றிப் பாருங்கள். "சோம்பேறித்தனம், ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கறாரு" என்று வீட்டில் திட்டுவார்கள், அவரால் முடியாது என்பதே உண்மை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கியது, அந்தத் தண்ணீர் வருகிற வீட்டிலும் குடிக்க மட்டும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, களிக்கு உலை வைப்பது போர் தண்ணீரில். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. சமையலுக்கும் நல்ல தண்ணீரையே எடுங்கள் என்று அடுப்படியில் நின்று குடத்தைக் காட்டிச் சொன்னால்தான் ஏறுகிறது.

மாமரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட இளவயசுக்காரர்கள், குவாரித் தூசியில் நுரையீரல் கெட்டு நாலு அடி நடந்தால் மூச்சிரைப்பவர்கள், புற்றுநோய்க்கு இனிச் சிகிச்சை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள், இவர்கள் எல்லாருக்கும் டாக்டர்தான் போக வேண்டும். தேர்தலுக்கு ஓட்டு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோன பென்னாகரம் கோட்டூர் மலை மாதிரி இடங்களில் உடம்புக்கு முடியாமல் போனால் என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இன்னொன்றும் உண்டு. பாட்டிக்குத் தெலுங்கோ கன்னடமோதான் வரும், கிளினிக்கில் பேரன் மொழிபெயர்ப்பான், பாதி விஷயத்தைப் பேரனிடம் பாட்டி சொல்லவே மாட்டார். வீட்டில் பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்கார்ந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

சரி, யாரைக் கூப்பிடுவது? முதலில் காசில்லாத வழி. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிபி, சர்க்கரை பார்த்து மாத்திரை தருவார், படுத்த படுக்கையாக இருப்பவருக்கு நோய் ஆதரவுச் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் வருவார்கள். பலர் இதை மாத்திரை கொடுக்கும் திட்டம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். படுக்கைப் புண்ணுக்கு டிரெஸ்ஸிங், டியூப் பராமரிப்பு, கை கால் பயிற்சி இதற்கெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஊர் நர்ஸம்மாவிடமோ வீட்டில் ஒருவர் படுத்திருக்கிறார் என்று பெயர் கொடுங்கள். நீங்கள் சொல்லாமல் அவர்களுக்குத் தெரியாது. அதற்கு மேல் டாக்டரே பார்க்க வேண்டும் என்றால் நீங்கள் வழக்கமாகக் காட்டும் டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். வீட்டுக்கு வருவீர்களா என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், ஒரே ஊரில் மூன்று நான்கு பேர் இருந்தால் சேர்ந்து ஒரு நாள் கூப்பிட்டால் எல்லாருக்கும் செலவு குறையும்.

இன்னொரு கூட்டம் கூப்பிடாமலே வரும். பையில் ஊசியும் குளுக்கோஸ் பாட்டிலும் வைத்துக்கொண்டு, "சத்து இல்ல, ரெண்டு பாட்டில் ஏத்தினா எழுந்து உட்காந்துடுவாங்க" என்பார்கள். இதயம் பலவீனமானவருக்கும் சிறுநீரகம் கெட்டவருக்கும் அந்த இரண்டு பாட்டில் மூச்சுத் திணறலில் முடியலாம். வலிக்கு என்று போடும் ஊசி வயசானவரின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். வருகிறவர் டாக்டர் என்றால் சீட்டில் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். கேளுங்கள், உண்மையான டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

டாக்டர் வருவதற்கு முன் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், நிறுத்தியதையும் நாட்டு மருந்தையும் சேர்த்து ஒரு தட்டில் கொட்டி வையுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து வையுங்கள். கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர், பெரும்பாலும் மருமகளோ மகளோதான், அன்றைக்கு வீட்டில் இருக்கட்டும், பதில் அவரிடம்தான் இருக்கிறது. புண்ணைக் காட்டக் கூச்சம் வேண்டாம்.

வீட்டுக்கு டாக்டர் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாத நேரங்களும் இருக்கின்றன, இதைத் தயவுசெய்து வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீரென்று வாய் கோணுவது, பேச்சு குழறுவது, கை தொங்குவது, பாம்புக் கடி, நிற்காத ரத்தம், எழுப்பினாலும் எழாத மயக்கம், இதற்கெல்லாம் நேராக 108. பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதுவும் ஸ்கேன் எடுத்த பிறகுதான் போட முடியும். அந்த நேரத்தில் எனக்கு போன் செய்தாலும் நான் கிளம்பி வரமாட்டேன், 108-ஐக் கூப்பிடத்தான் சொல்வேன். அஞ்செட்டி மாதிரி காட்டுப் பாதையில், இருட்டினால் யானை நடமாட்டம் இருக்கும் ஊர்களில், உடம்பு லேசாக மோசமாகும்போதே பகலிலேயே கிளம்பிவிடுங்கள், விடியட்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த மாரண்டஅள்ளி அம்மா நான்கு நாளில் வீடு திரும்பினார். ஆறு மாத்திரை மூன்றாகிவிட்டது. கயிற்றுக் கட்டிலைத் திண்ணைக்குத் தள்ளிவிட்டு, பலகைக் கட்டிலில் காற்று மெத்தை போட்டிருக்கிறார்கள், மருமகள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டி விடுகிறார், ராத்திரியில் அந்த வேலை மகனுடையது, செல்போனில் அலாரம் வைத்திருக்கிறார். புண் ஆறி வருகிறது. போன வாரம் போயிருந்தபோது சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஸ்பூனில் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லிப் பார்த்தேன், இருமல் வரவில்லை.

"எப்ப கண்ணு களி திங்கலாம்?" என்றார்.

இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்மா, இப்போதைக்குக் குழைய வேகவைத்த சோறும் பருப்பும் போதும் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. அடுத்த தடவை வரும்போது நானே பக்கத்தில் உட்கார்ந்து, தளரக் கிண்டிய களியைக் கொட்டைப்பாக்கு அளவு கொடுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.