ஆக்சில் ஹவுசிங்கை வீட்டிலேயே குறுக்கலாமா?

எங்கள் கடை டொராண்டோ பக்கத்தில் இருக்கிறது. டிஃபரன்ஷியல் (இன்ஜின் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி), ஆக்சில் வேலை மட்டும்தான். கோயம்புத்தூரில் லேத் முன்னால் நின்று கற்ற தொழில் இங்கே சோறு போடுகிறது. குளிர்காலம் வந்தால் உப்பில் துருப்பிடித்த ஆக்சில்கள் வரும். கூடவே, பழைய காரை கராஜில் ஏற்றி வைத்துவிட்டு வீட்டிலேயே வெட்டி ஒட்டிய ஆக்சில்களும் வரும்.

அப்படித்தான் போன குளிர்காலத்தில் ஸ்காபரோவிலிருந்து ஒரு தம்பி வந்தார். அவரிடம் 1966 மஸ்டாங் இருக்கிறது. பின்னால் அகல டயர் போட ஆசை. பழைய ஃபோர்ட் பிக்கப்பிலிருந்து ஒரு 9 இஞ்ச் ஆக்சிலை வாங்கியிருந்தார். 1957 முதல் 1986 வரை ஃபோர்ட் போட்ட ஆக்சில் அது. உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டத்தால் வந்த பெயர். பிக்கப்பில் சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து மறுபக்க முகம் வரை சுமார் 65 இஞ்ச். மஸ்டாங்குக்கு 57 சொச்சம் போதும். ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்கில் மீதியை வெட்டித்தான் ஆக வேண்டும்.

அவரும் வெட்டியிருந்தார். டேப்பும் ரசமட்டமும் வைத்து முனைகளைப் பொருத்தி, வெல்டிங்கும் முடித்திருந்தார். வெல்டிங் அழகாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. “நேராத்தானே அண்ணா இருக்கு?” என்றார்.

கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. எங்களிடம் இதற்கென்றே கடைந்து வைத்த ஒரு நீளத் தண்டு உண்டு. கியர்களைத் தாங்கும் கேஸை, கியர் இல்லாமல் வெற்றாக, ஹவுசிங் நடுவில் முடுக்கி, பேரிங் உட்காரும் இடங்களில் துளையிட்ட வட்டத் தட்டுகளை வைத்து, தண்டை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு விட வேண்டும். முனைகளிலும் அதே மாதிரித் தட்டு. எல்லாம் ஒரே கோட்டில் இருந்தால் தண்டு கையால் சுற்றும். தம்பியின் ஹவுசிங்கில் வலது முனைத் தட்டு உள்ளேயே போகவில்லை.

காரணம் அவருடைய கைத்திறன் இல்லை. உருகிய இரும்பு குளிரும்போது சுருங்கும். குழாயைச் சுற்றி ஒரே மூச்சில் வெல்ட் ஓட்டினால் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்காது. அதிகம் சுருங்கிய பக்கம் முனையை இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் நாங்கள் தண்டை உள்ளே வைத்துக்கொண்டே நான்கு இடத்தில் சின்னச் சின்ன வெல்டாகப் பொட்டு வைப்போம். அப்புறம் எதிரெதிர்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெல்ட் போட்டு, நடுவில் ஆறவிட்டு, ஒவ்வொரு முறையும் தண்டைச் சுற்றிப் பார்ப்போம். அப்படியும் சில நேரம் இழுக்கும். அப்போது குழாயில் ஓரிடத்தை மட்டும் பழுக்கக் காய்ச்சி ஈரத் துணி வைத்தால், முனை காய்ச்சிய பக்கமாகத் திரும்பும். இன்னொன்று: லீஃப் ஸ்பிரிங் உட்காரும் பீடங்களை முதலில் வெல்ட் செய்துவிடுங்கள். அந்த வெல்டும் குழாயை வளைக்கும் என்பதால் முனைகளுக்குக் கடைசி இடம்.

கொஞ்சம் கோணினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அரை டிகிரி கோணல் என்றால் 26 இஞ்ச் டயரின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வித்தியாசம். டயர் தேய்வது சின்ன விஷயம். ஹவுசிங்குக்குள் ஓடிச் சக்கரத்தைச் சுற்றும் ஷாஃப்டின் ஒரு முனை பேரிங்கிலும் மறுமுனை உள்ளே கியர் பல்லிலும் மாட்டியிருப்பதால், ஒவ்வொரு சுற்றுக்கும் அது ஒருமுறை அப்படியும் இப்படியும் வளைந்து நிமிரும். 100 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 800 தடவை. முதலில் ஆயில் சீல் ஒழுகும், அப்புறம் பேரிங் சத்தம் போடும். அதையும் கவனிக்காமல் ஓட்டினால் இரும்பு சோர்ந்து ஒரு நாள் முறியும். இந்த வகை ஆக்சிலில் சக்கரத்தைத் தாங்குவதே அந்த ஷாஃப்ட்தான். அது பேரிங்குக்கு வெளியே முறிந்தால் சக்கரமும் டிரம்மும் சேர்ந்தே கழன்று போகும்.

இதே காரணத்தால்தான் ஷாஃப்டை வெட்டி ஒட்டும் யோசனையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. அது சூட்டுப் பதம் ஏற்றிய இரும்பு. வெல்ட் பட்ட இடத்தின் பதம் போய்விடும். முறுக்குவிசை முழுக்க அந்த இடத்தில்தான் உட்காரும். ஒருபோதும் வேண்டாம். வெட்டிவிட்டுப் புதிதாகப் பல் வெட்டலாமே என்றால், பல ஷாஃப்ட்கள் நடுவில் மெலிந்திருக்கும். பல் வெட்டச் சதை இருக்காது. அதுவும் பிக்கப் சக்கரத்தின் ஐந்து போல்ட் வட்டம் 5.5 இஞ்ச், மஸ்டாங்குக்கு 4.5. புது ஷாஃப்டே வாங்கிவிடுங்கள்.

தண்டைக் கழற்றும்போது தம்பி பேச்சுவாக்கில் சொன்னார்: வெளியே மைனஸ் 15, அதனால் கராஜ் கதவை மூடிவிட்டு, பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து, உடனே வெல்ட் போட்டாராம். எனக்கு ஹவுசிங் மறந்தே போனது. “கேன்ல என்ன எழுதியிருந்துச்சு?” என்றுதான் முதலில் கேட்டேன்.

சில பிரேக் கிளீனர்களில் டெட்ராகுளோரோஎத்திலீன் போன்ற குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும். வெல்டிங் சூட்டிலும் அதன் புற ஊதாக் கதிரிலும் அந்த ஆவி ஃபாஸ்ஜீன் ஆகும். முதல் உலகப்போரில் ஆளைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது. மூச்சில் போனால் முதலில் லேசான இருமல்தான் இருக்கும். நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுவது பல மணி நேரம் கழித்து. அதற்குள் “ஒன்றும் ஆகவில்லை” என்று படுத்துவிடுவோம். கேன் கராஜின் மறுமூலையில் ஆவியாகிக்கொண்டிருந்தாலும் ஆபத்துதான். சந்தேகம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய், என்ன அடித்தோம், எப்போது வெல்ட் செய்தோம் என்று சொல்லுங்கள். குளோரின் இல்லாத வகை எளிதில் தீப்பிடிக்கும். நன்றாக உலர்ந்து, காற்றோட்டம் வந்த பிறகே வெல்டிங்கைத் தொட வேண்டும். பழைய பிரேக் தூசியையும் காற்றடித்து ஊதாதீர்கள், அதில் கல்நார் இருக்கலாம்.

தம்பி கேனைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி வீட்டுக்கு போன் போட்டார். குளோரின் இல்லாத வகை. இருவரும் ஒரு டீ குடித்தோம்.

வீட்டில் செய்ய வேலையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. போடப்போகும் அதே ரிம்மையும் டயரையும் வைத்து, கார் தன் முழு எடையில் நிற்கும்போது மட்கார்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடைவெளி அளக்கலாம். ஆக்சிலை முழுக்கக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். ஸ்பிரிங் பீடங்களைக் காரிலேயே பொருத்தி, பினியன் கோணம் (இன்ஜின் பக்கத்துச் சக்தியை ஆக்சிலுக்குள் வாங்கும் பினியன் கியரின் சாய்வு) பார்த்துப் பொட்டு வைக்கலாம். கூலியில் பாதி அங்கேயே மிச்சம். முனைகளை மட்டும் தண்டு வைத்திருப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

தம்பியின் வலது முனையை மறுபடி வெட்டி, புதிய முனை வைத்தோம். அதில் கால் இஞ்ச் போனது. நல்லவேளையாக அவர் அதுவரை ஷாஃப்ட் ஆர்டர் செய்திருக்கவில்லை.