யாழினிக்கு 'இசட் எச்' போடுவதா, 'எல்' போடுவதா?

யாழினி என்று பெயர் வைப்பதில் வீட்டில் எல்லோருக்கும் சம்மதம்தான். ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போதுதான் தகராறு வரும். அப்பா 'இசட் எச்' போடுவார், மாமா 'எல்' போதும் என்பார், எண்கணிதம் பார்ப்பவர் இன்னொரு 'ஏ' சேர்க்கச் சொல்வார். சீர்காழியையே இரண்டு விதமாகவும் எழுதிப் பழகியவர்கள் நாம். ஊர்ப்பெயருக்கு அது செல்லும், பாஸ்போர்ட்டுக்குச் செல்லாது.

முதலில், அவசரப்பட்டு எழுதிக் கொடுக்காதீர்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தாக வேண்டும். பெயரை அப்போதே தர வேண்டியதில்லை. 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் உண்டு. ஆனால் பதிவேட்டில் ஒருமுறை ஏறிய பெயரை, எழுத்து பிடிக்கவில்லை என்று மாற்றித் தரமாட்டார்கள். பிழைத் திருத்தம் என்று போனால் சரியான எழுத்துக்கு ஆவணம் கேட்பார்கள். கைக்குழந்தைக்கு வேறு என்ன ஆவணம் இருக்கும்? 1.10.2023 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் இன்னொரு குழப்பமும் வருகிறது. மன்னார்குடியில் குடியிருந்தாலும், குழந்தை தஞ்சாவூரில் பிறந்திருந்தால் பெயர் சேர்க்கத் தஞ்சாவூருக்குத்தான் போக வேண்டும்.

எழுத்துக்கு வருவோம். ஒய், ஏ, இசட், எச், ஐ, என், ஐ: இந்த ஏழே போதும். 'எல்' போட்டால், ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் எழுதுபவர் யாலினி என்றோ யாளினி என்றோ எழுதிவிடுவார். பள்ளிப் பதிவேட்டில் அதுவே நின்றுவிடும். இரட்டை 'ஏ' தவறில்லை. ஆனால் ஒவ்வொரு கவுன்ட்டரிலும் அதைச் சொல்லிச் சொல்லி எழுத வைக்க வேண்டும், ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் சிக்கல். எண்கணிதம் பார்ப்பவர்கள் இதையும் யோசியுங்கள்: இனிஷியலோடு கூட்டிய எண் பாஸ்போர்ட்டில் நிலைக்காது, அங்கே இனிஷியலை விரித்து அப்பா பெயராகவே எழுத வேண்டும். ஆதாரில் பெயர் திருத்தம் வாழ்நாளில் இரண்டு முறைதான். அதைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே செலவழிக்க வேண்டாம்.

குழந்தையின் பெயருக்கு இவ்வளவு யோசிப்பவர்கள், அதே சான்றிதழில் இருக்கும் அம்மா பெயரைக் கவனிப்பதில்லை. அங்கேதான் பிழை அதிகம். நம் பக்கத்தில் லட்சுமியை லெட்சுமி என்றுதான் சொல்கிறோம், எழுதுகிறோம். அதனால் தனலெட்சுமிக்கு ஆதாரில் 'எல் ஈ டி சி எச்', கல்யாணப் பதிவில் 'எல் ஏ கே எஸ் எச்', மருத்துவமனை அட்டையில் 'எல் ஏ எக்ஸ்' என்று மூன்று விதம் இருக்கும். வார்டில் காதில் விழுந்தபடி எழுதியதே பிறப்புப் பதிவுக்கும் போகும். வீட்டுக்கு அனுப்பும் முன்பே பெற்றோர் இருவரின் ஆதார் நகலையும் கொடுத்து, அதைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலையில் இருந்தால் அவர் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். பிற்பாடு குடும்ப விசாவுக்கு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

பெயர் சேர்க்கும் படிவத்தில் தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் நீங்களே எழுதுங்கள். கணினியில் ஏற்றியதும், இறுதி செய்யும் முன் திரையைக் காட்டச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள். எல்கேஜி சேர்க்கும்போது பெயரை வாயால் சொல்லாமல் சான்றிதழ் நகலை நீட்டுங்கள். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் கையெழுத்துக்கு வரும்போதும் அதே நகலோடு போங்கள்.