மெம்பர் செக்கிங் – தமிழில் எப்படிச் சொல்வது?

எண்களை நம்பாமல் நேர்காணல், கவனிப்பு போன்றவற்றை வைத்துச் செய்யும் பண்புசார் ஆய்வேடுகளில் ‘மெம்பர் செக்கிங் (member checking) செய்யப்பட்டது’ என்று ஒற்றை வரி அடிக்கடி கண்ணில் படும். என்ன செய்தார்கள் என்பதுதான் இருக்காது. நேர்காணல் கொடுத்தவர்களிடமே திரும்பப் போய், ‘நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானா?’ என்று கேட்பதே இந்த முறை. பேச்சை எழுத்தாக்கிய படியைக் காட்டிச் சரிபார்ப்பது இதில் ஒரு பகுதி மட்டுமே. ஆய்வாளர் எட்டிய முடிவும் அவர்கள் முன் வைக்கப்பட வேண்டும்.

இந்தப் பெயரைப் பரவலாக்கியவர்கள் ஆய்வுமுறை அறிஞர்களான யுவோன்னா லிங்கனும் ஈகான் கூபாவும். ஆய்வின் நம்பகத்தன்மையை நிறுவும் உத்திகளில் இதுவே தலையாயது என்று 1985இல் வெளிவந்த நூலில் எழுதினார்கள். அதற்கு முன்பே சமூகவியலாளர் மைக்கேல் புளோர் இதைச் செய்துபார்த்திருந்தார். குழந்தைகளுக்கு டான்சில் அறுவைச் சிகிச்சை தேவையா என்பதைக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள் என்று ஸ்காட்லாந்தில் ஆராய்ந்தவர் அவர். ஒவ்வொரு மருத்துவரைப் பற்றியும் எழுதியதை அவரவருக்கே அனுப்பிக் கருத்துக் கேட்டார். அப்படி வரும் பதிலை அப்படியே சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் பின்னால் அவரே எழுதினார். மரியாதைக்குத் தலையாட்டுபவர் உண்டு. சரியாகப் படிக்காமலே ‘சரி’ என்பவரும் உண்டு. நம் ஊரில் ‘நீங்க படிச்சவங்க, சரியாத்தான் எழுதியிருப்பீங்க’ என்பார்கள். அதையெல்லாம் ஒப்புதலாக எண்ணிக்கொள்ள முடியுமா?

இனி சொல்லுக்கு வருவோம். ‘மெம்பர்’ என்பதன் மூலம், உடலுறுப்பைக் குறிக்கும் லத்தீன் ‘மெம்ப்ரும்’. தமிழிலும் உறுப்பிலிருந்துதான் உறுப்பினர். ‘செக்’ சதுரங்கத்திலிருந்து வந்தது. அரசனைக் குறிக்கும் பாரசீக ‘ஷா’ அதன் வேர்.

‘மெம்பர்’, ‘உறுப்பினர்’ இரண்டுக்கும் வேர் பொருந்துகிறதே என்று ‘உறுப்பினர் சரிபார்ப்பு’ என்று எழுதினால், சங்கத்தில் சந்தா கட்டியவரா என்று பார்ப்பதுபோல் இருக்கிறது. இங்கே ‘மெம்பர்’ என்பவர் தகவல் தந்த குழுவைச் சேர்ந்தவர். நாட்டார் வழக்காற்றியலில் புழங்கும் ‘தகவலாளி’ நல்ல சொல்தான், ஆனால் தகவல் தருவதோடு அவர் வேலை முடிந்ததுபோல் தொனிக்கிறது. ‘ஒப்புதல்’ வேண்டாம், நேர்காணலுக்கு முன் வாங்கும் சம்மதத்துக்கு அது ஏற்கெனவே போய்விட்டது. ‘பங்கேற்பாளர் சரிபார்ப்பு’ என்பதே என் தேர்வு. ஆய்வேட்டில் அப்படி எழுதும்போது யாரிடம் எதைக் காட்டினீர்கள், அவர்கள் எதை மறுத்தார்கள், அதனால் எது மாறியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.